மலை வெயிலும் என் சொரியாசிஸும்

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், 'சொரியாசிஸ் இருக்கிறது, கோடை வெயிலில் நின்று களை எடுக்கலாமா?' என்று கேட்டிருந்தார். 14 வருடமாக அந்த நோயோடு குடித்தனம் நடத்துகிறவன் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கொடைக்கானல் நாயுடுபுரம். அரை ஏக்கரில் கேரட், பூண்டு, பீன்ஸ். முழங்கை, முழங்கால், தலை என்று சிவந்த தடிப்புகள். அதன்மேல் மீன் செதில் மாதிரி வெள்ளையாக உதிரும். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்கிறார்கள். மார்கழி, தையில் குளிரும் வறண்ட காற்றும் சேர்ந்து தோலை வெடிக்க வைத்துவிடும். அதனால் பங்குனி பிறந்தால் போதும், வெயில் வந்துவிட்டது, இனி சரியாகிவிடும் என்று இருப்பேன். அது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் கெட்டேன்.

ஒரு சித்திரையில், வெயில்தானே மருந்து என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு 11 மணியிலிருந்து 2 மணிவரை கேரட் பிடுங்கினேன். எங்கள் ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் சுடுவதே தெரியாது. ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரின் வேகமும் கூடும். ராத்திரி முதுகு நெருப்பாக எரிந்தது. இரண்டு வாரத்தில் வெந்த இடமெல்லாம் புதுத் தடிப்பு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டியபோதுதான் விளங்கியது: இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோலில் காயம்பட்டாலும், வெந்தாலும், உராய்ந்தாலும் அந்த இடத்தில் நோய் புதிதாகக் கிளம்பும். ஸ்பிரேயர் பட்டை அழுத்துகிற தோளில் கோடு போட்ட மாதிரி வந்ததற்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. இப்போது பட்டையில் பழைய துண்டைச் சுற்றித்தான் மாட்டுகிறேன்.

இளவெயில் நல்லதுதான். காலையில் ஐந்து, பத்து நிமிடம் காட்டச் சொன்னார்கள், காட்டுகிறேன். ஆனால் சிலருக்கு வெயிலே ஆகாது. தார் கலந்த களிம்பு பூசியிருந்தாலும், சில மாத்திரைகள் சாப்பிட்டாலும் தோல் சீக்கிரம் வெந்துபோகும். டாக்டரிடம் கேட்காமல் வெயிலில் உட்காராதீர்கள்.

வெயிலைவிட என்னைப் படுத்தியது வியர்வை. வத்தலக்குண்டில் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. கையை மறைக்க வைகாசியில் சுவெட்டர் போட்டுக்கொண்டு போனேன். மலையில் யாரும் கேட்கமாட்டார்கள், கீழே? வியர்த்து, அரித்து, தாங்க முடியாமல் பந்தியில் கையைச் சுருட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் இலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். தங்கச்சி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது ஒட்டாது. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ரோஷத்தில் ஒரு மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசினேன். பத்தே நாளில் தோல் பளபளவென்று ஆனது. நிறுத்தினேன், இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அதன் பிறகு டாக்டர் சொன்னபடி மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். வாரத்துக்கு ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை. மறதியில் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அட்டையை வீட்டுக்காரிதான் பூட்டி வைக்கிறாள். ரத்தப் பரிசோதனையையும் தவறவிடுவதில்லை. சாராயம் அறவே கிடையாது.

வேலைக்குத் தளர்வான பருத்தி முழுக்கைச் சட்டை. வியர்த்தால் சொரியாமல், வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுப்பேன். வெந்நீர் ஊற்றிக் குளிக்கிற பழக்கத்தை விடத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன், மலைக்காரன் இல்லையா! இப்போது வெதுவெதுப்பான தண்ணீர்தான். குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய்.

இந்த வைகாசியிலும் தங்கச்சி வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. முழங்கையில் இன்னும் இரண்டு தடிப்பு உண்டு. அரைக்கைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன்.