செவிக்கும் ஒரு கதவு

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மட்டும் இயற்கை கதவு வைக்கவில்லை. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது பெரிய நூல் ஒன்றன்று. சேலையிற் குத்தும் சிறியதோர் ஒலிவாங்கியே.

கனடாவில் வாழும் என் மாமா, அம்மம்மாவின் பழங்கதைகளை வீடியோவிற் பதிந்து அனுப்பும்படி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மம்மாவுக்கு வயது 84. 1964 டிசெம்பர் மாதத்தில் நம் வடபகுதியைத் தாக்கிய சூறாவளியை நேரிற் கண்டவர். அந்த இரவைப் பற்றி அவர் சொல்லக் கேட்பதே ஒரு தனி அநுபவம்.

கமராவிலேயே ஒலிவாங்கி இருக்கிறதே, வேறொன்று எதற்கு என வாசகர் கேட்கலாம். கமரா நிற்பது சற்றுத் தொலைவில். பேசுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தூரம் இரட்டித்தால், நேரே வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறைந்துவிடும். முற்றத்துக் காகமோ தெருவிற் போகும் முச்சக்கர வண்டியோ அதற்காகத் தம் சத்தத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆதலால் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுசெல்வதே வழி. கம்பியில்லா ஒலிவாங்கித் தொகுதி ஒன்றை வாங்கினேன்.

ஆங்கிலத்தில் இதனை ‘லவலியர்’ என்பர். கழுத்திலே தொங்கும் பதக்கத்தின் பெயர் அது. பிரான்சிய மன்னன் 14 ஆம் லூயியின் காதலியான லா வலியேர் சீமாட்டியை ஒட்டி வந்தது. 1950களில் இவ்வகை ஒலிவாங்கிகளும் பதக்கம் போலவே கழுத்துக் கயிற்றிலே தொங்கின. 1962 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வெஸ்ற், கெர்ஹார்ட் செஸ்லர் என்னும் இருவர் புதுவகை ‘எலெக்ட்ரெற்’ ஒலிவாங்கியை ஆக்கினர். மலிவாகவும் மிகச் சிறிதாகவும் ஒலிவாங்கி செய்ய அது வழி திறந்தது. அம்மம்மா சூறாவளியைக் கண்ட அதே 1964 இல் வெளிவந்த ‘மை ஃபெயர் லேடி’ திரைப்படத்தில், பாட்டுக்கு வாயசைத்து நடிக்க மறுத்த றெக்ஸ் ஹரிசனின் கழுத்துப்பட்டியினுள்ளே கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்றை மறைத்து வைத்துப் பதிந்தார்கள். அன்று பெரும் படமாளிகைகளுக்கே எட்டிய அந்த வசதி இன்று என் உள்ளங்கையில் இருந்தது.

“இதென்ன பிள்ளை, கட்டெறும்பு மாதிரி?” என்றார் அம்மம்மா.

நாடியிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவே அதனைக் குத்தினேன். கம்பியை இழுத்தால் ஒலிவாங்கி அசையாதபடி சிறு வளையமாகச் சுற்றி, அனுப்பும் பெட்டியை அவருடைய இடுப்பிற் செருகினேன். வாங்கும் பெட்டியைக் கமராவின் மேற் பொருத்தினேன். ஒலிமட்டத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதி கமராவில் உண்டு. பேச்சு நிற்கும்போதெல்லாம் அது அறையின் இரைச்சலைத் தூக்கிக் காட்டும். ஆகவே அதனை நிறுத்தினேன். அவர் உரத்துப் பேசும்போது அளவுகோல் கழித்தல் 12 டெசிபலை எட்டும்படி சரிசெய்தேன். பூச்சியத்தைத் தாண்டினால் ஒலியலையின் தலை வெட்டுண்டு போகும். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தி, வீட்டுத் திறப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். வெளியே புறப்படும்போது திறப்பைத் தேடுவோம். அப்போது பெட்டியை மீண்டும் இயக்க மறவோம் அல்லவா?

இவ்வளவும் செய்தவன் ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஹெட்போனைக் காதில் மாட்டவில்லை.

அம்மம்மா 40 நிமிடம் பேசினார். கிடுகுக் கூரை பிய்ந்து பறந்ததையும், அம்மப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்வீடொன்றுக்கு ஓடியதையும், பின் அந்த மழையிலே தம்மை அழைத்துப்போகத் திரும்பி வந்ததையும் சொன்னார். வாசலில் நின்று அம்மப்பா தம்மிடம் கூறிய வார்த்தையைச் சொல்லும்போது அவருடைய குரல் தாழ்ந்தது, கண் கலங்கியது. நானோ அளவுகோலின் பச்சை விளக்குகளைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அன்றிரவு போட்டுக் கேட்டபோது என் நெஞ்சு திக்கென்றது. அம்மம்மாவின் சங்கிலிப் பதக்கம், அவர் தலையசைக்கும்போதெல்லாம் ஒலிவாங்கியில் ‘டிக், டிக்’ என்று தட்டியிருந்தது. அவர் முன்னே குனிந்து மெல்லப் பேசிய அந்த இடத்திலே பதக்கமும் உராய்ந்து, அம்மப்பாவின் வார்த்தையை அடியோடு விழுங்கியிருந்தது. நான் கண்ணாற் கேட்டேனேயன்றிக் காதாற் கேட்கவில்லை.

மறுநாள் மீண்டும் சொல்லும்படி வேண்டினேன்.

“அதுதான் அண்டைக்கே சொல்லிப்போட்டனே, பிள்ளை. இனி என்னத்தைச் சொல்ல?”

வற்புறுத்தியதன் பேரிற் சொன்னார். ஆனால் அது கதையின் சுருக்கம். அந்த வார்த்தை அதில் வரவில்லை. கேட்கவும் எனக்கு வாய் எழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு கதைகளைப் பதியத் தொடங்கியபோது ஹெட்போன் என் காதை விட்டு அகலவில்லை. சங்கிலியைக் கழற்றி வைத்தோம். மொரமொரப்பான சேலைக்குப் பதில் தோய்த்து மென்மையான பருத்திச் சேலை உடுத்தச் செய்தோம். இடையிடையே குரல் அறுந்து வந்தது. முதுகுப்புறம் செருகிய பெட்டிக்கும் கமராவுக்கும் நடுவே அம்மம்மாவின் உடலே மறைப்பாக இருந்தமைதான் காரணம். இத்தகைய பெட்டிகள் பல இயங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைகளை உடலிலுள்ள நீர் உறிஞ்சிவிடும்; வீட்டு வைஃபையும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும். பெட்டியைக் கமரா பார்க்கும் பக்கத்துக்கு மாற்றி, வைஃபையையும் நிறுத்தியதும் குரல் தெளிந்தது. எல்லாவற்றையும் காதே காட்டிக் கொடுத்தது.

பதிவு முடிந்தது. அம்மம்மா தேநீர் போட எழுந்து உள்ளே சென்றார். கமராவை நிறுத்தினேன், ஆனால் அவரிடமிருந்த பெட்டியை நிறுத்த மறந்தேன். விறாந்தையிலிருந்த என் காதிற் குசினிப் பேச்சுக் கேட்டது. அம்மம்மா தம் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“இடக் கண் இப்ப புகைமூட்டமாத்தான் தெரியுது. பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதை. வீணாக் கவலைப்படுங்கள்.”

உடனே ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். அரை நிமிடம் கேட்டேன். அந்த அரை நிமிடத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

2010 ஏப்ரல் 28 இல் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிறவுண், ஆடையிற் குத்திய ஒலிவாங்கியை மறந்து காரில் ஏறி, சற்று முன் தம்மோடு பேசிய ஒரு பெண்மணியைப் பற்றிக் கடுமொழி கூறினார், உலகமே கேட்டது. பின்னர் அப்பெண்மணியின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். அங்கே பேசியவர் மன்னிப்புக் கேட்டார். என் வீட்டிலோ மன்னிப்புக் கேட்கவேண்டியவன் கேட்டவனாகிய நானே.

மூன்று நாள் மனத்தோடு போராடினேன். சொன்னால் ஒட்டுக்கேட்டவன் ஆவேன். சொல்லாவிட்டாற் கண் கெடும். இறுதியில் அம்மம்மாவிடமே சென்று நடந்ததை ஒளியாமற் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்:

“கேட்டதைக் கேட்டனான் எண்டு வந்து சொன்னாய், அது காணும். இனி இதைக் கழட்டிப்போட்டுத்தான் என்னைக் குசினிக்கு விடவேணும்.”

கண்ணிற் படர்ந்தது வெண்புரை. சத்திரசிகிச்சை நலமே முடிந்தது.

அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. பதிவு தொடங்குமுன் ஹெட்போனிற் கேட்காமல் ஒரு சொல்லும் பதிவதில்லை. முடிந்ததும், அணிந்தவர் எழுமுன்னே பெட்டியை நிறுத்த வேண்டும். நிறுத்துபவர் நான் அல்லேன், அணிந்தவரே. அம்மம்மாவுக்குப் பொத்தான் இருக்கும் இடத்தை விரலாற் பழக்கிவிட்டேன்.

அம்மப்பாவின் அந்த வார்த்தையை நான் இன்னும் அறியேன். அது அம்மம்மாவிடமே இருக்கட்டும். சென்ற கிழமையும் ஒரு கதை சொல்லி முடித்தார். பெட்டியை எடுத்துப் பொத்தானை அழுத்தி, இடக் கண்ணாற் கூர்ந்து பார்த்தார்.

“விளக்கு நூந்துபோச்சு,” என்றார். பின்பு தங்கையோடு கதைக்க உள்ளே போனார்.