முதல் வாக்கியம்

இறம்பொடை மலைச்சரிவிலே, தேயிலைத் தோட்டத்து லயமொன்றிற் பிறந்து வளர்ந்த மாணவன் ஒருவன் எஸ்பராண்டோ என்னும் ஆக்கமொழியைக் கற்கத் தொடங்குவானாயின், முதல் நாளிலேயே ஒரு வாக்கியத்தை அமைத்துவிடுவான். சாமென்ஹோவ் 1887இல் வார்சோ நகரில் வெளியிட்ட அம்மொழியின் இலக்கணம் 16 விதிகளுள் அடங்கும். பெயர்ச்சொல் 'ஓ' என முடியும். நிகழ்கால வினை 'ஆஸ்' என முடியும். செயப்படுபொருள் ஈற்றில் 'ன்' ஏற்கும். 'பாத்ரோ அமாஸ் பிலோன்' என்றால், தந்தை மகனை நேசிக்கிறார் என்பது பொருள். 'பிலோன் அமாஸ் பாத்ரோ' எனச் சொற்களை மாற்றி வைப்பினும் பொருள் மாறாது. ஐ உருபோடு பழகிய தமிழ் மாணவனுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை.

அவன் நின்று சிந்திக்க வேண்டிய இடம் வேறு. தமிழிலே வா, வாரும், வாருங்கள் என ஏவல் ஆளுக்கேற்ப வேறுபடும். எஸ்பராண்டோவிலோ யாவர்க்கும் 'வேனு' என்னும் ஒரு வடிவமே உண்டு. முன்னிலையிலும் 'வி' என்னும் ஒரு சொல்லே வழங்குகின்றது. பல இனத்தார் தம்முட் பகைத்து வாழ்ந்த பியாலிஸ்டொக் நகரிற் பிறந்தவர் சாமென்ஹோவ். ஒருவர்க்கொருவர் தாழாது பேசுதற்குரிய பொதுமொழி ஒன்றையே அவர் விரும்பினார்.

இம்மலைநாட்டிலும், கற்பவரின் வசதிக்கென எளிமையாக்கப்பட்ட மொழியொன்று இருந்தது. தோட்டங்களுக்கு வந்த ஆங்கிலேயச் சின்னத்துரைமார், வேலை வாங்குதற்குத் தொழிலாளரின் தமிழைக் கற்கவேண்டியிருந்தது. அவர்களுக்கெனக் கொழும்பிலே பெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்ட கைந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பார் எழுதிய நூலோ 'கூலித் தமிழ்' என்னும் பெயரைத் தாங்கியது. தமிழில் 'வாருங்கள்' இல்லாமலில்லை. ஆயினும் நூலின் முகப்பில் ஏறியது 'வா' ஒன்றே. தலை நரைத்த தொழிலாளியையும் நேற்று வந்த இளைஞன் இவ்வாறு அழைக்கலாம் என்பதே அம்முகப்புப் புகட்டிய முதற்பாடம்.

எளிமை இரண்டிடத்தும் உண்டு. முன்னையது விதிகளைச் சுருக்கியது. பின்னையது மனிதரையும் சுருக்கியது.

இன்று இந்நாட்டிலே சிங்கள மாணவர் தமிழையும் தமிழ் மாணவர் சிங்களத்தையும் கற்கின்றனர். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையைக் கற்பித்தல் எளிது. எந்த வாக்கியத்தை முதலிற் கற்பிப்பது என்பதே ஆழ்ந்து நோக்கற்பாலது. லயத்து வாசலுக்கு வருபவர் எவராயினும், அங்குள்ளோர் 'வாங்க' என்றே வரவேற்பர். அதுவும் ஏவல்தான். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.