எந்த மெஷினுக்கு எந்த நாடி?

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் பண்ணினார். "சார், மோட்டார் அதிர்வை அளக்கிற கருவி ஒன்று விற்கிறார்கள். நம்ம போர் மோட்டாருக்கு வாங்கலாமா?" அவர் கவலை நியாயமானது. காய் திரளும் நேரத்தில் மோட்டார் எரிந்தால், குழாயோடு வெளியே தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்கும் வரை கொடிக்குத் தண்ணீர் கிடையாது.

"முதலில் கருவியைப் பார்க்காதீர்கள். மோட்டார் எப்படிக் கெடுகிறது, அதன் அறிகுறி எங்கே முதலில் தெரிகிறது என்று பாருங்கள்" என்றேன். நீர்மூழ்கி மோட்டார் பல நூறு அடி ஆழத்தில் கிடக்கிறது. அதன் அதிர்வு மேலே கைக்கு எட்டாது. ஆனால் அது இழுக்கும் கரண்ட் முழுவதும் மேலே இருக்கிற பேனல் பெட்டி வழியாகத்தான் போகிறது. ஆம்பியர் வழக்கத்தைவிடக் கூடினால், வோல்டேஜ் குறைவோ, பேரிங் இறுக்கமோ, மணல் அடைப்போ காரணமாக இருக்கலாம். ஆம்பியரும் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். மூன்று ஃபேஸிலும் சமமாக இல்லையென்றால் சப்ளையையும் காயிலையும் சோதிக்க வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்து மெகர் கருவியால் இன்சுலேஷனையும் அவ்வப்போது அளக்கலாம். அளவு தொடர்ந்து இறங்கினால், எரிவதற்கு முன்பே வெளியே எடுத்துவிடலாம்.

நம் பள்ளத்தாக்கிலேயே மற்ற மெஷின்களைப் பாருங்கள். கியர் பெட்டி உள்ள காற்றாலையில் இறக்கை மெதுவாகச் சுற்றும். கியர் பெட்டி அதை நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் ஏற்றிவிடும். வேகமான பக்கத்துக்கு அதிர்வு அளவு நன்றாகப் பேசும். மெதுவான பக்கத்தில் அதிர்வு பலவீனம். அங்கே எண்ணெயில் இரும்புத்தூள் சேர்கிறதா என்று பார்ப்பது உதவும். லோயர் கேம்ப் போன்ற மின் நிலையங்களில் உள்ள பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கோ வேறு வழி. எண்ணெய் மாதிரி எடுத்து அதில் கரைந்த வாயுக்களைப் பார்ப்பார்கள். அசிட்டிலீன் இருந்தால் உள்ளே தீப்பொறி பறக்கிறது என்று சந்தேகம். கார்பன் மோனாக்ஸைடு கூடிக்கொண்டே போனால் காகித இன்சுலேஷன் சூடாகிறதோ என்று பார்ப்பார்கள்.

நான் பள்ளியில் பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சுப் பொறியாளர்கள் அணையைக் கருவிகள் வைத்துக் கண்காணிப்பதை 'ஓஸ்கூல்தாசியோன்' என்பார்கள். டாக்டர் நெஞ்சில் காது வைத்துக் கேட்பதற்கும் அதே சொல்தான். 1816-ல் பாரிஸில் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய லென்னெக் அந்த முறையை வளர்த்தவர். ஆனால் ஸ்டெதஸ்கோப்பில் சர்க்கரை நோய் தெரியாது. அதற்கு ரத்தப் பரிசோதனைதான்.

இன்னும் இரண்டு விஷயம். மெஷின் நன்றாக ஓடும்போதே அளவைக் குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எது கூடுதல், எது குறைவு என்று எப்படிச் சொல்வது? கோளாறு எவ்வளவு வேகமாக முற்றும் என்பதைப் பொறுத்து எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். போர் மோட்டாருக்கு ஒரு ஆம்பியர் மீட்டரும் நாற்பது பக்க நோட்டும் இருந்தால் தொடங்கிவிடலாம்.