உடன்பிறந்த உடும்பு

இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில், சும்பாவா, புளோரெஸ் என்னும் இரு தீவுகளுக்கு இடையே கொமோடோ என்னும் சிறு தீவு உள்ளது. உலகிலேயே மிகப் பெரிய பல்லியினம் வாழும் இடம் அது. உல்லாசக் கப்பலில் வரும் பயணிகள் பலர் அந்த விலங்கைக் காண்பதற்காகவே அங்கு இறங்குகின்றனர்.

பெரிய கப்பல் கரையை நெருங்குவதில்லை. விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகள் சிறு படகுகளில் ஏறிப் படகுத்துறையை அடைவர். அங்கே வனக்காவலர்கள் கையில் நீண்ட கவைக்கோலுடன் காத்திருப்பர். சீறி வரும் விலங்கின் கழுத்தைத் தடுத்து நிறுத்த அக்கோல் உதவும். கூட்டத்தை விட்டு விலகக் கூடாது, ஓடக் கூடாது, குருதி கசியும் காயம் இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும். இவை அவர்கள் கூறும் விதிகள்.

உள்ளே செல்லச் செல்ல வறண்ட புல்வெளி விரிகிறது. தமிழர் நன்கறிந்த பனைமரங்கள் அங்கும் ஓங்கி நிற்கின்றன. மர நிழலில் பட்ட கட்டை போல ஒன்று கிடக்கும். அது தலையைத் தூக்கி, பிளவுபட்ட மஞ்சள் நாக்கை நீட்டும்போதுதான் உயிருள்ளது என்பது புலப்படும். காற்றில் கலந்துள்ள மணத்தை அந்நாக்கினால் அறிந்து, தொலைவில் கிடக்கும் இரையையும் அது தேடிச் செல்லும்.

உறுதியான பிடியைத் தமிழில் ‘உடும்புப்பிடி’ என்கிறோம். அந்த உடும்பின் உறவினமே இவ்விலங்கு. நன்கு வளர்ந்த ஆண் 3 மீட்டர் வரை நீளும். ஏறத்தாழ 70 கிலோகிராம் எடை இருக்கும். மான், காட்டுப்பன்றி, எருமை ஆகியவற்றையும் வீழ்த்தும். அதன் கடியில் நஞ்சும் உண்டு என்பதை 2009ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தன் இனத்துக் குஞ்சுகளையும் அது விட்டுவைப்பதில்லை. எனவே, முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் மரத்தில் ஏறி, அங்கேயே சில ஆண்டுகள் வாழ்கின்றன.

அறிவியல் உலகம் 1912ஆம் ஆண்டில்தான் இவ்விலங்கிற்குப் பெயர் சூட்டியது. தீவு மக்களோ பல தலைமுறைகளாக அதனை ‘ஓரா’ என்று அழைத்து வந்தனர். அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. நாக இளவரசி ஒருத்தி இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாள். ஒன்று ஆண் மகவு, மற்றொன்று ஓரா. இருவரும் தனித்தனியே வளர்ந்தனர். ஒருநாள் காட்டில் மானை வேட்டையாடிய மகன், எதிரே வந்த ஓராவின் மீது ஈட்டியை ஓங்கினான். அப்போது தாய் தோன்றி, “அது உன் உடன்பிறந்தவள்” என்று தடுத்தாள். அன்றுமுதல் ஓரா அம்மக்களுக்கு உறவாயிற்று.

கொமோடோ 1980ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 1991ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. மக்கள் மான் வேட்டையை விட்டனர். பலர் ஓராவின் உருவங்களை மரத்தில் செதுக்கிப் பயணிகளுக்கு விற்றுப் பிழைக்கலாயினர். 2019ஆம் ஆண்டில், விலங்குகளைக் காப்பதற்காகத் தீவை மூடி, அங்கு வாழும் ஏறத்தாழ 2,000 பேரையும் வேறிடத்தில் குடியமர்த்தப் போவதாக மாநில ஆளுநர் அறிவித்தார். மக்கள் எதிர்த்தனர். உறவைக் காப்பதற்கு உறவினரையே வெளியேற்றுவது என்ன முறை என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். அதே ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆயினும் கவலை தீரவில்லை. புவி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்வதால், ஓராவின் வாழிடம் சுருங்கும் என அறிஞர்கள் அஞ்சுகின்றனர். 2021ஆம் ஆண்டில் அது அழிவின் விளிம்பை நெருங்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பயணிகள் இரண்டு மணி நேரம் நடந்து, படமெடுத்து, மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுவர். கரையில் நிற்கும் சிற்றூர்க் குழந்தைகளுக்கோ ஓரா வேடிக்கைப் பொருளன்று. வேலிக்கு அப்பால் உலவும் உடன்பிறப்பு. ஓரிடத்தைக் கண்டு செல்வது வேறு. அவ்விடத்து உயிர்களுக்கு உறவாகி வாழ்வது வேறு.

சிந்தித்து எழுதுக

1. வனக்காவலர் கூறும் விதிகள் யாவை?
2. தீவு மக்கள் வெளியேற மறுத்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. நீவிர் இப்போது வாழும் ஊரில் மக்கள் உறவாகக் கருதும் விலங்கு அல்லது மரம் எது? பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.