ஐந்தரை மணித்தியாலம்

கொழும்பிலிருந்து குவைத்துக்கு ஏறத்தாழ 4,100 கிலோமீற்றர். விமானம் ஐந்தரை மணித்தியாலத்தில் போய்விடும். 2007இல் நான் வீட்டு வேலைக்குப் போனபோது பெரியகல்லாற்றிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேரவே அதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. சோதனைச் சாவடிக்குச் சோதனைச் சாவடி பையோடு இறங்கி ஏற வேண்டும். உங்களில் பலருக்கும் தெரிந்த பாதைதான்.

குவைத் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். இறங்கியபோது அங்குள்ள மணிக்கூட்டின்படி மூன்று மணித்தியாலம்தான் கழிந்திருந்தது. லாபம் என்று நினைத்தேன். அங்கே இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து ரெலிபோன் எடுத்தால் இங்கே பன்னிரண்டரை. மூன்று வயது மகள் உறங்கியிருப்பாள். "எழுப்பட்டா?" என்று அம்மா கேட்பா. வேண்டாம் என்பேன்.

2009இல் திரும்பி வந்தேன். படத்தில் பார்த்த முகம் என்பதால் மகள் கிட்ட வந்தாள். நான் பேசத் தொடங்கியதும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். குரல்தான் அவளுக்குப் புதிது.