கல்லாவில் யார் கை?

அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் சாராயக் கடை வைத்திருந்தவர் ஜேம்ஸ் ரிட்டி. விற்ற காசைக் கடையாட்களே அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவுக்குப் போன கப்பலில், அதை உந்தும் விசிறி எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கருவியைப் பார்த்தவர், ஊர் திரும்பியதும் சகோதரரோடு சேர்ந்து விற்பனையை எண்ணும் எந்திரம் செய்து, 1879-இல் காப்புரிமை வாங்கினார். அந்த முதல் எந்திரத்தில் பணம் போட இழுப்பறையே கிடையாது. விற்ற தொகையை எல்லார் கண்ணிலும் படும்படி காட்டும், அவ்வளவுதான்.

மும்பை மாட்டுங்காவில் எந்திரம் இல்லாமலே காசைக் காத்தார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே 1942 முதல் நடக்கும் ராமநாயக் உடுப்பி போர்டிங்கில் பணத்தைக் கட்டிக் கூப்பன் வாங்கிய பிறகுதான் சாப்பாட்டுக்கு உட்கார முடியும். பரிமாறுகிறவர் காசைத் தொடுவதில்லை. சந்தேகப்பட வேலையே இல்லை.

தாராவியில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் தோல் பை தைத்து விற்கிறார். கடையில் மூன்று கேமரா. ஒன்று கல்லாவுக்கு நேர் மேலே. அப்படியும் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கிறது. "பயலுவல்ல எவனோ கை வைக்கான்" என்கிறார். ஒரு நாள் சாயங்காலம் அங்கே உட்கார்ந்திருந்தேன். டீக்காரனுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தார். மகள் டியூஷனுக்கு இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள். மச்சான் வந்து ஊர்க் கோயில் கொடைக்கென்று தானே திறந்து எடுத்துப் போனார். எதற்கும் சீட்டு இல்லை. எழுதி வைக்கலாமே அண்ணாச்சி என்றேன்.

"என் காச நான் எடுக்கதுக்குச் சீட்டு எழுதணுமாக்கும்?"

எழுதத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ராத்திரி கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்றே தெரியாதபோது, எவ்வளவு குறைகிறது என்று எந்தக் கேமரா சொல்லும்? எவனாவது நூறு எடுத்தாலும் அது முதலாளி எடுத்த ஆயிரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பையன்களுக்கு இது தெரியாதா என்ன? நாள் முழுக்க எதிரே நின்றுகொண்டுதானே இருக்கிறார்கள்!

இப்போது கியூஆர் அட்டை வந்துவிட்டது. கடை அட்டையின் மேல் தன் அட்டையை ஒட்டிவிடும் கெட்டிக்காரர்களும் வந்துவிட்டார்கள். காலையில் கடை திறந்ததும் அதில் ஒரு ரூபாய் அனுப்பி, யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டால் போதும்.

செம்பூர்ப் பக்கத்துச் சின்ன ஆபீஸ்களில் கதை வேறு. பில் போடுவதும் செக் எழுதுவதும் பேங்குக்குப் போவதும் ஒரே ஆள். வருஷக்கணக்காக லீவே போடாத தங்கமான மனுஷர். ரிசர்வ் வங்கி இந்தத் தங்கத்தை நம்புவதில்லை. வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலைநாள் விடுப்பில் அனுப்பச் சொல்கிறது. அந்த நாட்களில் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். மறைத்ததெல்லாம் மேலே வரும்.

பிடிபட்டால்? முதலாளியின் பொருளைத் திருடும் ஊழியருக்கு பாரதிய நியாய சம்ஹிதாவின் 306-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. தாராவிக் கடைக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை. போலீஸ் முதலில் ஸ்டாக் புக்கைக் கேட்கும். கொடுத்த அட்வான்ஸை மறந்துவிட்டு ஆளை அனுப்பிவிடுகிறார்கள். அவன் இரண்டு சந்து தள்ளி இன்னொரு கடையில் சேருகிறான். அந்த முதலாளி பழைய முதலாளியிடம் விசாரிப்பதில்லை. இவரும் வாயைத் திறப்பதில்லை.