மடை

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ அடக்க ஆராதனைகளில் இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வாசிப்பார்கள். லண்டன் மிஷன் ரிங்கல்தௌபே பாதிரியார் 1809-ல் ஆலயம் கட்டிய மயிலாடியில், சென்ற வருஷம் என் சிநேகிதருக்கும் வாசித்தார்கள். ஞானஸ்நானம், கலியாணம், சபைக் கமிட்டி, பேரப்பிள்ளைகள்; ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வீடும் வயலுமாக வாழ்ந்த மனிதருக்கு வேறு என்ன சரித்திரம் இருக்கும்?

கல்லறைத் தோட்டத்தில், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு கிழவர் மண் அள்ளிப் போட்டார். அடுத்த வயல்காரர்.

“கன்னிப்பூவிலே தண்ணி கொறஞ்சாலும், எங்க வயலு நனைஞ்ச பொறவுதான் தன் வயலுக்குத் திருப்புவாரு” என்றார்.

போதகர் வாசித்த காகிதத்தில் இது இல்லை. ஆனால் கூட்டத்தில் பலர் அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கிழவர் மூத்த மகனின் தோளைத் தொட்டார்.

“இனி மடை உன் கையிலே, மக்கா.”

பையன் தலையாட்டினான்.